பழுதின்றிப் பிழைபடும் பொறிகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். எனினும், அறிவியற் பொருள் பற்றியும் ஒரு சொற்பொழிவு அமைதல் வேண்டுமெனச் செயற்குழுவினர் விழைந்தனர். அவ்விழைவு பொருத்தமானதே. மின்னணுத் துறையிலோ கணிப்பொறித் துறையிலோ பயில்வார் ஒருவரேனும் இல்லாத இல்லம் இக்குடியிருப்பில் அரிது. ஆதலின், மின்னணுச் சில்லுகளை நியூட்ரான் கற்றையின் முன் நிறுத்திச் சோதிக்கும் கலையைப் பற்றிச் சில கூறப் புகுந்தோம். பெயர் சற்று அச்சுறுத்தும். பொருளோ, வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த எவர்க்கும் விளங்குவதே.

"மனிதன் தவறலாம், பொறி தவறாது" என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. பொறி தவறினால் அது பழுதுபட்டிருக்க வேண்டும், பழுதான உறுப்பை மாற்றிவிட்டால் சீராகிவிடும் என்றும் எண்ணுகின்றோம். ஆனால் எந்த உறுப்பும் பழுதுபடாமலே பொறி பிழை செய்வதுண்டு. பிழை செய்த மறுகணமே முன்போல நன்றாக இயங்குவதும் உண்டு. இதனையே பொறியாளர் "மென்பிழை" என்கின்றனர். சில்லு கருகுவதில்லை, உடைவதில்லை. அதன் நினைவிலுள்ள ஓர் இலக்கம் மட்டும் மாறிவிடுகின்றது.

2003-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடந்தது. பிரசல்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்கார்பேக் என்னும் பகுதியில், வேட்பாளர் ஒருவர்க்குக் கணிப்பொறி தந்த வாக்குகள், அவர்க்குக் கிடைத்திருக்கக் கூடிய அளவினும் மிகுதியாக இருந்தன. மீண்டும் எண்ணியபோது, மிகுந்த வாக்குகள் சரியாக 4,096 எனக் கண்டனர். இரண்டைப் பன்னிரண்டு முறை தன்னோடு தானே பெருக்கினால் வருவது அவ்வெண். கணிப்பொறி எண்களை எல்லாம் சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளால் எழுதுவது. அவ்வரிசையில் ஓர் இடத்திலிருந்த சுழி ஒன்றாக மாறினால், கூடுவது 4,096 ஆகும். பொறியைப் பன்முறை சோதித்தும் பழுது எதுவும் காணவில்லை. வானிலிருந்து வந்த துகள் ஒன்றே அக்குறியை மாற்றியிருத்தல் கூடும் என்று கருதப்பட்டதேயன்றி, அதனை மெய்ப்பிக்க இயலவில்லை. இத்தகைய பிழையின் இயல்பே அதுதான். வந்த தடம் வைக்காமல் அது போய்விடும்.

இப்பிழையின் வரலாறு சுவையானது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, உட்ஸ் என்னும் இருவர், நினைவகச் சில்லுகளில் காரணமின்றி நேர்ந்த பிழைகளை ஆராய்ந்தனர். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தான்! சில்லை மூடிய பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் நுண்ணளவில் கலந்திருந்தன. அவை உமிழ்ந்த ஆல்பாத் துகள்களே பிழைக்குக் காரணம் என்று கண்டனர். உறைகளைத் தூய்மையாகச் செய்யத் தொடங்கியதும் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனால் முற்றும் ஒழியவில்லை. 1979-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சீக்லர் என்பாரும், யேல் பல்கலைக்கழகத்தின் லான்ஃபோர்டு என்பாரும், வானிலிருந்து வரும் அண்டக் கதிர்களும் கணிப்பொறி நினைவகத்தைக் கலக்கும் என்று எடுத்துரைத்தனர். உறையைத் தூய்மை செய்யலாம். வானத்தை யார் தூய்மை செய்வது?

அண்டக் கதிர்களை நாம் அறிந்தது 1912-ஆம் ஆண்டில். ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ், புகைக்கூண்டு ஒன்றில் ஐயாயிரம் மீட்டருக்கு மேலேறிக் கதிர்வீச்சை அளந்தார். மேலே செல்லச் செல்ல அது மிகுவதைக் கண்டு, அது மண்ணிலிருந்து வருவதன்று, விண்ணிலிருந்து வருவது என்று முடிவு செய்தார். அதற்காக 1936-இல் நோபல் பரிசும் பெற்றார். விண்வெளியிலிருந்து பெருவிசையோடு வரும் புரோட்டான் முதலிய துகள்கள் நம் காற்று மண்டலத்தின் அணுக்களில் மோதி அவற்றைச் சிதறடிக்கின்றன. அச்சிதறலில் பிறக்கும் துகள்களுள் ஒன்றே நியூட்ரான். அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆதலின் கூரையையும் சுவரையும் பொறியின் உறையையும் எளிதில் கடந்து உட்புகும். அவ்வாறு புகுந்த நியூட்ரான், மிக அரிதாக, சில்லிலுள்ள சிலிகான் அணுவின் கருவில் நேரே மோதுகின்றது. உடைந்த கருவின் துண்டுகள் சில்லினூடே பாயும்போது மின்னூட்டத்தைச் சிந்திச் செல்கின்றன. அச்சிந்தலே சுழியை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியாகவும் மாற்றிவிடுகின்றது.

நியூயார்க் நகரில் கடல்மட்டத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 13 வலிய நியூட்ரான்கள் விழுகின்றன. நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் இத்தனை! உயரம் மிக மிக இவ்வெண் மிகும். அமெரிக்காவில் மூவாயிரம் மீட்டருக்கு மேலுள்ள லெட்வில் என்னும் மலைநகரில் இது பத்து மடங்கைத் தாண்டும். விமானம் பறக்கும் உயரத்தில் சுமார் முந்நூறு மடங்காகும். நாம் பிறந்த தென்னாட்டிற்கு ஒரு நற்பேறு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963-இல் ஏவுதளம் அமைத்ததற்கும் அதுவே காரணம். அக்காந்தப் புலம் விண்ணிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களில் பலவற்றைத் திருப்பி விடுவதால், அப்பகுதிகளில் இம்மழை சற்றுக் குறைவு.

மண்ணுக்கடியில் சென்றாலோ இம்மழை அறவே நின்றுவிடும். இதனை உணர நாம் அயல்நாடு போக வேண்டுவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறி உழைத்த கோலார் தங்கவயலில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் நிலத்தடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். அண்டக் கதிர்களின் இரைச்சல் ஓய்ந்த அவ்வாழத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் அரிய துகளின் அடையாளத்தை 1965-இல் கண்டனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. நம்மவர் வெட்டிய ஆழம் பொன்னை மட்டுமன்றி, உலக அறிவியலுக்கு ஒரு செல்வத்தையும் தந்தது என்பதை இவ்வவையில் நினைவுகூர்தல் தகும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட சில்லுக்கு வருவோம். சில்லுகளுள் பெரும்பாலானவை, ஆலையில் எவ்வாறு வடிக்கப்பட்டனவோ அவ்வாறே இறுதிவரை இருப்பவை. 1985-ஆம் ஆண்டில் சைலிங்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் புதுவகைச் சில்லு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. எக்கட்டம் எவ்வேலை செய்வது, எதனோடு எது இணைவது என்பதை வாங்கியவரே எழுதிக்கொள்ளலாம். வேண்டும்போது அழித்து மாற்றியும் எழுதலாம். எஃப்.பி.ஜி.ஏ. என்று பொறியாளர் சுருக்கமாக வழங்குவது இதனையே. இன்று தொலைபேசி நிலையங்களிலும், மருத்துவக் கருவிகளிலும், விமானங்களிலும், விண்கலங்களிலும் இது பணிபுரிகின்றது. பெரிய சில்லொன்றின் உள்ளமைப்பை எழுதிவைக்கும் நினைவுக் குறிகள் பல கோடி.

இங்கேதான் இடர் நுழைகின்றது. சாதாரண நினைவகத்தில் ஒரு குறி மாறினால், அங்கே எழுதியிருந்த ஒரு செய்தி பிழையாகும். அடுத்த முறை புதிதாக எழுதும்போது அப்பிழை மறையும். இச்சில்லிலோ, மாறிய குறி சில்லின் அமைப்பையே குறிப்பதாயின், சுற்றே வேறு சுற்றாகிவிடும். ஏட்டில் எழுதிய கணக்கில் ஓர் இலக்கம் பிழைபடுவது வேறு. கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை மனனம் செய்த வாய்பாடே பிழைபடுவது வேறு. முன்னது ஒரு பக்கத்தோடு போகும். பின்னது, எவரேனும் கண்டு திருத்தும்வரை, ஒவ்வொரு பக்கத்தையும் கெடுக்கும்.

இப்பிழை எத்தனை நாளுக்கு ஒரு முறை நேரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கோடி குறிகள் உள்ள சில்லு ஒன்றைக் கொள்வோம். ஒவ்வொரு குறியும் நியூட்ரானுக்கு இலக்காகக் காட்டும் பரப்பு, ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 13 நியூட்ரான் வீதம் பெருக்கினால், ஏறத்தாழ 77,000 மணி நேரத்திற்கு ஒரு பிழை வரும். அதாவது, ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை. "இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் அச்சில்லை விமானத்தில் ஏற்றினால், முந்நூறு மடங்காகி, பதினொரு நாள் பறப்புக்கு ஒரு பிழையாகும். நிலத்திலேயே அத்தகைய சில்லுகள் ஆயிரம் வேலை செய்தால், மூன்று நாளைக்கு ஒன்று வீதம், எங்கேனும் ஒரு சில்லு பிழைபடும். மாறும் குறிகள் எல்லாமே வேலையைக் கெடுப்பன அல்ல. பயன்படாத கட்டங்களில் விழுவனவும் பல. எனினும், எது கெடுக்கும், எது கெடுக்காது என்பதை அறியாமல் உயிரை அதனிடம் ஒப்படைப்பது எங்ஙனம்?

இப்பிழையின் வீதத்தை அளக்கச் சில்லின் முன் அமர்ந்து ஒன்பது ஆண்டு காத்திருத்தல் இயலாது. ஒரே ஒரு பிழையைக் கண்டு முடிவு கட்டுவதும் முறையன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும். தற்செயலாக நேர்வனவற்றிற்குப் பொருந்தாது. நூறு பிழைகளேனும் எண்ணினால்தான், விடை நூற்றுக்குப் பத்து அளவு முன்பின்னாகச் சரியெனக் கொள்ள முடியும். காத்திருந்தால் அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டு ஆகும்! ஆதலின், வானம் ஆயிரம் ஆண்டில் பொழிவதை ஒரு நாழிகையில் பொழியச் செய்யும் வழியை அறிஞர் நாடினர்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலும், இங்கிலாந்தில் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஐசிஸ் நிலையத்திலும், புரோட்டான்களை 80 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கி, டங்ஸ்டன் என்னும் கன உலோகத்தின் மீது மோதவிடுகின்றனர். அம்மோதலில் நியூட்ரான்கள் தெறிக்கின்றன. வானில் இயற்கை செய்வதையே இங்கு மனிதர் ஓர் அறைக்குள் செய்கின்றனர். அதனால், தெறிக்கும் நியூட்ரான்களின் ஆற்றல் வகைகளும் காற்று மண்டலத்தில் உள்ளவற்றைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள டிரயம்ஃப் நிலையத்திலும் இத்தகைய சோதனை நடைபெறுகின்றது. ஐசிஸ் நிலையத்தில் சில்லுகளுக்கென்றே அமைத்த சிப்-ஐஆர் என்னும் கூடத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரில் வினாடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் வலிய நியூட்ரான்கள் பாய்கின்றன. நியூயார்க் தெருவோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு வினாடி என்பது இங்கே 44 ஆண்டு! விமானத்தின் உயரத்தோடு ஒப்பிட்டாலும், ஒரு மணி நேரச் சோதனை ஐந்நூறு ஆண்டுப் பறப்புக்கு ஈடாகும்.

சோதனை நடைபெறும் முறையையும் கூறுவோம். சில்லைப் பலகையில் பொருத்திக் கற்றையின் பாதையில் நிறுத்துவர். கற்றை கண்ணுக்குத் தெரியாது. சில்லைக் கடந்து அப்பாலும் செல்லும். ஆதலின், பின்னால் மற்றொரு பலகையை நிறுத்தி அதனையும் உடன் சோதிப்பதுண்டு. பலகையில் சில்லுக்குத் துணையாக உள்ள பிற உறுப்புகள் கற்றையில் படாதவாறு ஒதுக்குதல் வேண்டும். இன்றேல் யார் செய்த பிழை என்பது தெரியாது போகும். கற்றை திறந்தபின் அறைக்குள் எவரும் நுழையலாகாது. தடித்த சுவர்களுக்கு அப்பால், நீண்ட கம்பிகளின் மறுமுனையில் கணிப்பொறியை வைத்துக்கொண்டு சோதனையாளர் அமர்ந்திருப்பர். சில்லில் எழுதிய அமைப்பை இடைவிடாது திரும்பப் படித்து, மூலப்படியோடு குறிக்குக் குறி ஒப்பிட்டு, மாறியவற்றை எண்ணுவர். நம் முன்னோர் ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தபின் மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை திருத்திய பணியே இது. எண்ணிய பிழைகளை, பாய்ந்த நியூட்ரான்களின் தொகையால் வகுத்தால் கிடைப்பதே நாம் முன்பு சொன்ன இலக்குப் பரப்பு. அவ்வெண் கையிலிருந்தால், கடற்கரை நகரிலோ, மலையுச்சியிலோ, விமானத்திலோ அச்சில்லு எத்தனை நாளுக்கொருமுறை தடுமாறும் என்பதைக் கணக்கிடலாம். சோதனை முடிந்தவுடன் சில்லைக் கையில் எடுத்து வர இயலாது. அதுவே சற்றுக் கதிர்வீச்சு உடையதாகியிருக்கும். அது தணியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

செயற்கைக் கற்றை சொல்வதை இயற்கை ஒப்புகின்றதா என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ? சைலிங்ஸ் நிறுவனத்தார் நூற்றுக்கணக்கான சில்லுகளைக் கலிபோர்னியாவின் வெண்மலை, ஹவாய்த் தீவின் மௌனா கியா முதலிய பல்வேறு உயரங்களில் ஆண்டுக்கணக்கில் இயங்கவிட்டுப் பிழைகளை எண்ணினர். ஃபிரான்சு நாட்டில் 2,552 மீட்டர் உயரமுள்ள பூர் என்னும் மேட்டுநிலத்திலும், ருஸ்ட்ரெல் என்னும் ஊரின் நிலத்தடி ஆய்வகத்திலும் இத்தகைய சோதனைகள் நடந்தன. மலைமேல் வானமும் சில்லும் சேர்ந்து செய்யும் பிழை தெரியும். நிலத்தடியில் வானம் இல்லை. அங்கே நேர்வது சில்லின் உறையிலும் உலோகத்திலும் உள்ள ஆல்பாத் துகள்களால் வருவது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், யார் பங்கு எவ்வளவு என்பது புலனாகும்.

பிழையின் அளவை அறிந்தபின் காவல் தேட வேண்டும். முதற் காவல், மூவர் சாட்சி. ஒரே வேலையை மூன்று சுற்றுகளுக்குக் கொடுத்து, இருவர் சொல்வதை ஏற்பது. இரண்டாம் காவல், நாள்தோறும் வாசல் பெருக்குவது போல, சில்லின் அமைப்பை ஓயாது படித்து, மாறிய குறியை உடனே திருத்திவிடுவது. மூன்றாவது, பெல் ஆய்வகத்தின் ஹாமிங் 1950-இல் வகுத்த முறை. செய்தியோடு சில துணைக் குறிகளையும் சேர்த்து எழுதினால், ஒரு குறி மாறும்போது மாறிய இடம் தானே வெளிப்படும்.

காவல் போட்டாயிற்று என்று உறங்கலாமா? கூடாது. மூன்று சுற்றுகளையும் ஒரே சில்லுக்குள் அமைக்கும்போது, ஒன்றன் கம்பி மற்றொன்றன் கம்பியை நெருங்கிச் செல்லும் இடங்கள் உண்டு. அங்கே ஒரே ஒரு குறி மாறினால், இரு சுற்றுகள் ஒருங்கே கெடும். மூன்று சாட்சிகளில் இருவர் ஒரே வண்டியில் வந்து, அவ்வண்டி வழிதவறியது போன்றதாகும். வரைபடத்தில் எளிதில் தென்படாத இக்குறைகளைக் கற்றைச் சோதனை வெளிக்கொணரும். ஆதலின், சில்லை மட்டுமன்றி, அதன் காவலையும் கற்றையின் முன் நிறுத்திக் கேள்வி கேட்பது இன்றியமையாதது.

இவ்வளவு பாடும் எதற்கு? 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து பெர்த் நகருக்குச் சென்ற குவான்டாஸ் விமானம் ஒன்று நடுவானில் இருமுறை திடீரெனத் தலைகுப்புறச் சாய்ந்தது. இருக்கையில் கட்டிக்கொள்ளாதிருந்தோர் கூரையில் மோதினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். விமானத்தின் நிலையை அறிவிக்கும் மூன்று கருவிகளுள் ஒன்று, பொய்யான அளவுகளைத் தந்தது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வாளர் நெடுநாள் ஆராய்ந்தும், அப்பொய்யின் மூலத்தை உறுதியாகக் காண முடியவில்லை. வானத் துகளாக இருக்கலாம். ஆனால் சான்று போதாது என்று எழுதினர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்க விமானம் ஒன்று தானே கீழ்நோக்கிச் சாய்ந்தபின், கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானத்தை இயக்கும் கணிப்பொறியின் தகவலைக் கெடுக்கக் கூடும் என்று ஏர்பஸ் நிறுவனம் அறிவித்தது. நவம்பர் இறுதியில், உலகெங்கும் சுமார் ஆறாயிரம் விமானங்களைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் நம் நாட்டு விமானங்களும் இருந்தன. ஊரில் இருக்கும் தாய் தந்தையரைக் காண விடுமுறையில் பறந்து செல்லும் நம்மில் எவரும் அவற்றில் அமர்ந்திருக்கக் கூடியவரே.

பெரியோர்களே! யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முதுமொழி. யானை சறுக்காது என்று நம்பி ஏறுவது பேதைமை. சறுக்கும் என்று அஞ்சி ஏறாதிருப்பதும் பேதைமை. எத்தனை அடிக்கு ஒருமுறை சறுக்கும் என்று எண்ணிப் பார்த்து, சறுக்கினாலும் மேலிருப்பவர் வீழாதபடி அம்பாரியைக் கட்டுவதே அறிவுடைமை. கற்றையின் முன் அமர்ந்து பிழைகளை எண்ணுவோர் செய்வது இதுவே. இப்பணியில் புகழ் மிகுதியாக வருவதில்லை. இரவு முழுதும் விழித்திருந்து, தம் நிறுவனத்தின் சில்லே தவறுவதைத் தாமே எண்ணி, ஒன்றையும் குறைக்காமல் எழுதிவைத்தல் வேண்டும். விற்பனை செய்வோர்க்கு இனிக்காத எண்ணாயினும் மாற்றாமல் சொல்லும் துணிவும் வேண்டும். அவ்வெண்ணை நம்பியே பிறர் காவல் அமைப்பர். அக்காவலை நம்பியே முன்பின் அறியாத ஒரு குடும்பம் விமானம் ஏறும்.

நம் குடியிருப்பின் இளைஞர்கள் புதியன படைக்கும் துறைகளையே நாடுகின்றனர். அது நன்று. ஆயினும், படைத்ததைச் சோதிக்கும் துறையும் அதற்கு இளைத்ததன்று என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும். இயற்பியலும் கணிதமும் மின்னணுவியலும் ஒருங்கே வேண்டப்படும் இத்துறையில் நம் பிள்ளைகள் சிலரேனும் புகுந்து, நாணயமான சோதனையாளர் என்று பெயர் பெறுவார்களாயின், அது இச்சங்கத்திற்கும் பெருமையாகும்.